சுடும் முன் கேளுங்கள்!

இந்த இதழில் அமெரிக்கக் காடை வேட்டை பற்றிய கேள்விகள் மட்டும். அரசியல் கேள்விகள் குப்பைக் கூடையில் பத்திரமாக இருக்கின்றன.

கே: வேட்டை நாய் என்றால் ஓட வேண்டும், பாய வேண்டும், கவ்வ வேண்டும். பாயின்டர் நாய் சும்மா நிற்கிறதாமே, அதற்கு எதற்குச் சோறு?
(ஒரு வாசகர், விருதுநகர்)

ப: ஓடிப் பாய்ந்து கவ்வுவதற்கு உங்கள் தெரு நாயே போதும். புல்லுக்குள் பதுங்கிய காடையின் வாடை மூக்கில் பட்ட நொடியில், பாயத் துடிக்கும் உடம்பைப் பூட்டி, முன்னங்கால் ஒன்றை மடக்கி, வாலை விறைத்து, எஜமான் மூச்சு வாங்க வந்து சேரும்வரை நிற்கிறதே, அதற்குத்தான் ஆயிரக்கணக்கில் டாலர். ஆசைப்பட்டது கண்முன் இருக்கும்போது அசையாமல் நிற்க எத்தனை பேரால் முடியும்? கல்யாணப் பந்தியில் போய்ப் பாருங்கள்.

கே: இந்த நிற்கும் வித்தையை யார் கற்றுக்கொடுக்கிறார்கள்?
(ஒரு வாசகி, தேனி)

ப: யாரும் இல்லை. தூண்டில் கழியில் காடை இறக்கையைக் கட்டி ஆட்டினால் பால்குடி மறந்த குட்டியே விறைத்து நின்றுவிடும். பாய்வதற்கு முன் வேட்டை மிருகங்களுக்கு ஒரு கண நிதானம் உண்டு. அந்தக் கணம் எவற்றுக்கு நீளமோ, அவற்றையே ஜோடி சேர்த்துச் சேர்த்து வளர்த்ததில் கணம் நிமிடங்கள் ஆகிவிட்டது.

பாடம் அதற்கப்புறம். காடை எழும்பினாலும் நிற்க வேண்டும், வெடி வெடித்தாலும் நிற்க வேண்டும், ‘போய் எடு’ என்ற பிறகுதான் கால் நகர வேண்டும். நாய்கள் தேறிவிடுகின்றன. பின்னால் நிற்கும் மனிதர்தான் அரியர் வைக்கிறார்.

கே: துப்பாக்கி வருவதற்கு முன் இந்த நாய்க்கு என்ன வேலை?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

ப: இதே வேலை. ஐரோப்பாவில், பாயின்டரைப் போலவே பறவையைக் காட்டிக்கொடுக்கும் செட்டர் நாயின் முன்னோர்கள் பறவையைக் கண்டுபிடித்துத் தரையோடு படுத்துக்கொள்ளும். ஆட்கள் வலையை இழுத்துப் பறவைக் கூட்டத்தின் மேல் போடுவார்கள், நாயையும் சேர்த்து. துப்பு கொடுத்தவனையே முதலில் உள்ளே போடும் வழக்கம் பழசுதான்.

கே: எங்கள் சிப்பிப்பாறையைப் பழக்கினால் பாயின்ட் செய்யுமா?
(ஒரு வாசகர், சங்கரன்கோவில்)

ப: சிப்பிப்பாறைக்குத் தொழில் கண்ணிலும் காலிலும். பாயின்டருக்கு மூக்கில். ‘நில்’ என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் நாய் பக்கத்து ஊரில் இருக்கும். அதன் பிழைப்பைக் கெடுக்காதீர்கள்.

கே: இரண்டு நாய்களைக் கூட்டிப்போனால் சண்டை வராதா?
(ஒரு மாணவர், தர்மபுரி)

ப: வராது. ஒரு நாய் பாயின்டில் நிற்பதைத் தூரத்தில் பார்த்ததுமே இன்னொன்றும் அப்படியே உறைந்துவிட வேண்டும். அதன் மூக்குக்கு வாடையே எட்டியிருக்காது. கூட்டாளியின் மூக்கை நம்பி நிற்கிறது. முன்னால் ஓடி, அடுத்தவன் கண்டுபிடித்ததைத் தட்டிப் பறிக்கும் நாயை வேட்டை நாய்ப் பந்தயத்திலிருந்து விலக்கிவிடுவார்கள். இங்கே என்றால் துறைத் தலைவர் ஆக்கியிருப்போம்.

கே: அவர்கள் சுடுவது எந்தக் காடை?
(ஒரு வாசகர், நாமக்கல்)

ப: பாப்வைட். உங்கள் ஊர்ப் பண்ணைகளில் வளரும் ஜப்பான் காடைக்கு ரொம்பத் தூரத்து உறவுதான். சுமார் 170 கிராம் எடை. வசந்தத்தில் ஆண் தன் பெயரைத் தானே விசிலடித்து ஊரெல்லாம் அறிவிக்கும், ஆனாலும் இதுவரை கட்சி தொடங்கவில்லை.

குளிர்காலத்தில் பத்துப் பதினைந்தாகச் சேர்ந்து, இரவில் தரையில் வட்டமாக உட்காரும். வால்கள் உள்ளே, தலைகள் வெளியே. சூடும் தங்கும், எந்தப் பக்கம் ஆபத்து வந்தாலும் ஒரு ஜோடிக் கண்ணாவது பார்க்கும், கிளம்பினால் முட்டிக்கொள்ளாமல் எல்லாத் திசையிலும் பறக்கலாம்.

கே: பத்துப் பதினைந்து காடை ஒன்றாக எழும்பினால் கண்ணை மூடிச் சுட்டாலும் ஒன்று விழாதா?
(ஒரு வாசகர், ஆம்பூர்)

ப: விழாது. காலடியில் சரவெடி வெடித்தாற்போல மொத்தமும் ஒரே நேரத்தில் எழும்பும்போது, கூட்டத்தைப் பார்த்துச் சுட்டவர் காற்றைத்தான் சுட்டிருப்பார். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறக்க வேண்டும். துணிக்கடைக்கும் இதே விதிதான். அங்கேயும் யாரும் கடைப்பிடிப்பதில்லை.

கே: 12 கேஜ், 20 கேஜ், 28 கேஜ் என்கிறார்களே, எண் ஏற ஏறத் துப்பாக்கி பெரிதா?
(ஒரு வாசகர், ஓசூர்)

ப: சிறிது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டை பிடித்தால், ஓர் உருண்டை நுழையும் குழாய்தான் 12 கேஜ். இருபத்தெட்டாகப் பிடித்தால் உருண்டை சிறுத்துவிடும், குழாயும்தான். காடைக்கு 20, 28 தாராளம். பெரிய பட்டத்துக்குச் சின்ன ஆள் என்பது நமக்குப் புதிதா என்ன?

கே: அமெரிக்கத் துணை அதிபர் ஒருவர் காடை என்று நினைத்து வக்கீலைச் சுட்டாராமே, உண்மையா?
(ஒரு வழக்கறிஞர், மதுரை)

ப: காடை என்று நினைக்கவில்லை, காடையைத்தான் குறிவைத்தார். 2006 பிப்ரவரி 11, தெற்கு டெக்சாஸில் ஆம்ஸ்ட்ராங் பண்ணை. பறந்த பறவையோடு துப்பாக்கியைத் திருப்பிக்கொண்டே வந்த டிக் செனி, சுட்ட திசையில் 78 வயது வக்கீல் ஹாரி விட்டிங்டன் நின்றிருந்தார். முகம், கழுத்து, மார்பு எல்லாம் ரவை. 28 கேஜ் என்பதால் பிழைத்தார் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு ரவை இதயத்தருகே போய் லேசான மாரடைப்பையும் கொடுத்தது.

வேட்டையின் முதல் விதி, எல்லோரும் ஒரே வரிசையில் நடப்பது. இரண்டாவது, பறவைக்குக் கீழே வானம் தெரிந்தால்தான் விசையைத் தொடுவது. அன்று நாய்கள் மீது யாரும் புகார் சொல்லவில்லை.

விசாரணையில் கிடைத்த குற்றம்: இருவரிடமும் காடை வேட்டைக்கான 7 டாலர் முத்திரை இல்லை. எச்சரித்து விட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த விட்டிங்டன், செனி குடும்பம் பட்ட சிரமத்துக்கு வருத்தம் தெரிவித்தார். சுடப்பட்டவர் மன்னிப்புக் கேட்டாரே ஐயா! நீங்கள் வக்கீல், இதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடலாம் என்று எழுதுங்கள்.

கே: காட்டுக்குத் தீ வைத்துக் காடையை வளர்க்கிறார்களாம். ஏப்ரல் 1 செய்தியா?
(ஓர் ஆசிரியை, உதகை)

ப: நிஜச் செய்தி. ஜார்ஜியாவின் தாமஸ்வில், ஃபுளோரிடாவின் டாலஹாசி வட்டாரத்தில் வடக்கத்திப் பணக்காரர்களின் வேட்டைப் பண்ணைகள் வரிசையாக உண்டு. காடை குறைகிறதே என்று கலங்கி, காசு போட்டு ஓர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தார்கள். 1924-ல் வந்தவர் ஹெர்பர்ட் ஸ்டோடார்ட். கல்லூரிப் படிப்பு கிடையாது, கண் மட்டும் உண்டு.

அப்போது வனத்துறைக்கு நெருப்பு என்றாலே ஜென்ம விரோதி. புல்லைக் கொளுத்தும் கிராமத்து ஜனங்களை விவரம் கெட்டவர்கள் என்றார்கள். ஸ்டோடார்ட் சொன்னது தலைகீழ்: அந்தப் பைன் காடுகள் நெருப்போடு சேர்ந்தே வளர்ந்தவை. கொளுத்தாமல் விட்டால் புதர் மண்டும், புல் மெத்தையாகப் படியும், ஆறு கிராம் எடையுள்ள குஞ்சால் அதற்குள் நடக்கக்கூட முடியாது. கொளுத்தினால் வெறுந்தரை கிடைக்கும், பயறு வகைச் செடி முளைக்கும், பூச்சி சேரும். குஞ்சுக்குப் பூச்சி, தாய்க்கு விதை, ஒளிய மேலே இலை.

1931-ல் புத்தகமாக எழுதினார். 1958-ல் டாலஹாசிக்கு வடக்கே டால் டிம்பர்ஸ் என்ற ஆய்வு நிலையமே தொடங்கிவிட்டார்கள். இப்போது அந்தப் பண்ணைகளில் ஓராண்டு, ஈராண்டுக்கு ஒருமுறை துண்டு துண்டாகத் திட்டமிட்டு எரிக்கிறார்கள். விவரம் கெட்டவர்கள் யார் என்பதை மட்டும் யாரும் அறிவிக்கவில்லை.

கே: அப்படியானால் காடை பெருகியிருக்குமே?
(அதே ஆசிரியை)

ப: எரிக்கிற இடங்களில். மற்றபடி 1966-லிருந்து நடக்கும் கணக்கெடுப்புகளைப் பார்த்தால் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. துப்பாக்கியைவிடப் பெரிய எதிரி சுத்தமான விவசாயம்: வரப்புப் புதர் இல்லை, களை இல்லை, பூச்சி இல்லை, ஆகவே காடையும் இல்லை.

கே: நிற்கிற நாய்க்கு முன்னால் பதுங்கியிருக்கும் அப்பாவிப் பறவையைச் சுடுவது பாவம் இல்லையா?
(ஒரு வாசகி, காஞ்சிபுரம்)

ப: சுட்டாலும் சுடாவிட்டாலும் பத்தில் ஏழெட்டுக் காடை அடுத்த வருஷத்தைப் பார்ப்பதில்லை. பருந்து, பாம்பு, பனி என்று பட்டியல் நீளம். இந்தக் கணக்கை வேட்டைக்காரர்கள் ஆர்வமாகச் சொல்வார்கள். பருந்து பசிக்குப் பிடிக்கிறது என்ற வரியை மட்டும் தாண்டிவிடுவார்கள்.

உங்களுக்கு ஏற்ற பந்தயம் ஒன்று உண்டு. டென்னசியில் கிராண்ட் ஜங்ஷன் அருகே ஏம்ஸ் பண்ணையில் நடக்கும் தேசியச் சாம்பியன் போட்டி. 1896-லிருந்து இருக்கிறது. ஜோடி ஜோடியாக நாய்கள் மூன்று மணி நேரம் ஓடித் தேட வேண்டும், நடுவர்கள் குதிரையில் பின்தொடர்வார்கள். நாய் நின்றதும் காடையை எழுப்பி, வெற்று வெடி போடுவார்கள். ஒரு பறவையும் சாகாது. கோப்பை நாய்க்கு, பெருமை எஜமானுக்கு.

கே: அமெரிக்காவில் வேறென்ன பறவை வேட்டை?
(ஒரு வாசகர், சென்னை)

ப: ஃபெசன்ட். 1880களின் தொடக்கத்தில் ஷாங்காயிலிருந்த அமெரிக்கக் கன்சல் ஜெனரல் ஓவன் டெனி, கப்பலில் ஒரிகனுக்கு அனுப்பிவைத்த சீனப் பறவை. இன்று அது தெற்கு டகோட்டாவின் மாநிலப் பறவை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகள் இதைப் படிக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

கே: இங்கே காடை, கவுதாரி சுடலாமா?
(ஒரு வாசகர், பழனி)

ப: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கூடாது என்கிறது. ஏர்கன்னை உள்ளே வையுங்கள், அல்லது உள்ளே போங்கள்.

கே: அட்லாண்டாவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மாப்பிள்ளை இரண்டாவது மாடி அபார்ட்மென்டில் பாயின்டர் வளர்க்கப் போகிறாராம். சரிப்படுமா?
(ஓர் அம்மா)

ப: நாள் முழுக்க வயல்வெளியில் ஓடவென்றே வளர்த்த ஜாதி அது. ஓட இடம் இல்லாவிட்டால் முதலில் செருப்பு, அடுத்து சோபா, அப்புறம் கதவு. மாப்பிள்ளை லேப்டாப் முன்னால் அமர்ந்தால் எழுந்திருக்க மாட்டார், மகளுக்குக் குழந்தை. தினம் காலையும் மாலையும் பனியில் கயிற்றைப் பிடிக்கப்போவது யார் என்று கேளுங்கள். வீடே உங்களைப் பார்த்து பாயின்டில் நின்றால், ரிட்டர்ன் டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றிவிடுங்கள்.