ஜன்னல் வழியே வந்த இறையாண்மை

'இறையாண்மை' என்ற சொல்லைப் பிடித்தவர் யாரோ, பலே ஆள். தமிழில் இறை என்றால் கடவுள். இறை என்றால் அரசன். இறை என்றால் வரியும்தான். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாக்காரர்கள் முப்பது வருடம் வெட்டிக்கொண்டு செத்தது இந்த மூன்றுக்காகத்தான். எந்தக் கடவுள், எவன் அரசன், வரி எவன் பெட்டிக்கு?

ஆரம்பம் ஒரு ஜன்னல். 1618 மே 23, பிராக் நகரக் கோட்டை. தங்கள் தேவாலயங்களில் கைவைத்ததற்கு நியாயம் கேட்டு பொஹிமியாவின் புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் திபுதிபுவென்று மாடியேறி வந்தார்கள். அங்கிருந்த கத்தோலிக்க அரசப் பிரதிநிதிகள் ஸ்லவாட்டாவும் மார்டினிட்ஸும் சொன்ன பதில் திருப்தியாக இல்லை. தூக்கி ஜன்னல் வழியே போட்டார்கள். ஸ்லவாட்டா விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டதால் அவர் விரல்களில் நாலு போடு போட வேண்டியிருந்தது. போகிற போக்கில் ஃபப்ரிசியஸ் என்ற எழுத்தரையும் பின்னாலேயே அனுப்பிவைத்தார்கள். அவர் செய்த ஒரே பாவம் அந்த அறையில் இருந்ததுதான்.

சுமார் 70 அடி உயரம். மூன்று பேரும் பிழைத்துவிட்டார்கள்! மாதா வந்து தாங்கிக்கொண்டாள் என்றது கத்தோலிக்கத் தரப்பு. கீழே சாணிக்குவியல் இருந்தது என்றது புராட்டஸ்டண்ட் தரப்பு. ஒரே விழுகைக்கு இரண்டு உலகப் பார்வை. எழுத்தருக்கு மட்டும் லாபம்: புனித ரோமானியப் பேரரசர் பிற்பாடு அவரைப் பிரபுவாக்கி 'ஹோஹன்ஃபால்' என்று பட்டமும் கொடுத்தார். தமிழில் சொன்னால் 'உயரத்திலிருந்து விழுந்தார்'. அரசாங்கத்துக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு என்பதற்கு நானறிந்த ஒரே சாட்சி இது.

அதன் பிறகு ஆளாளுக்குக் களத்தில் குதித்தார்கள். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் நமக்குத் தெரிந்தவர்தான். தரங்கம்பாடியில் கடை விரிக்க 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை போட்டது அவருடைய ஆட்கள். மிளகு வியாபாரத்தோடு நிறுத்தியிருக்கலாம். 1625இல் சண்டையில் இறங்கி, செமத்தியாக வாங்கிக்கொண்டு, 1629இல் கழன்றுகொண்டார். அடுத்த வருடம் ஸ்வீடன் வந்தது. 1635இல் பிரான்ஸ் நேரடியாக இறங்கியது, அதுவும் புராட்டஸ்டண்ட் பக்கம். பிரான்ஸை நடத்திக்கொண்டிருந்தவர் ரிஷலியூ, கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல்! மதச் சண்டை என்ற பலகையை அன்றைக்கே கழற்றி உள்ளே வைத்திருக்கலாம். யாரும் கழற்றவில்லை. பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் பல லட்சம் பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தக் கட்சிக்காகச் சாகிறோம் என்பதே தெரிந்திருக்காது.

கடைசியில் எல்லோருக்கும் கஜானா காலி. பேசலாம் என்றார்கள். எங்கே பேசுவது? வெஸ்ட்ஃபாலியாவில் இரண்டு ஊர்கள்: பிரான்ஸ் தரப்பு மூன்ஸ்டரில், ஸ்வீடன் தரப்பு ஓஸ்னாப்ரூக்கில். நடுவே சுமார் 50 கிலோமீட்டர். நூற்றுக்கும் மேற்பட்ட தூதுக்குழுக்கள் வந்தன. ஆனால் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்ததாக ஒரு நாள்கூடக் கிடையாது. உட்கார்ந்தால் யார் எங்கே உட்காருவது?

கோயில் திருவிழாவில் பரிவட்டம் முதலில் யாருக்கு என்ற தகராறில் தேர் நிலையிலேயே நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த மாநாட்டை விளக்கவே வேண்டாம். பிரெஞ்சுக் குழுத் தலைவர் லோங்வில் பிரபுவை 'ஹைனஸ்' என்று விளிக்க வேண்டும். ஸ்வீடன் தூதர் யொஹான் ஒக்சன்ஸ்டியர்னா சாப்பிடப் போனாலும் தூங்கப் போனாலும் எக்காளமும் முரசும் ஊருக்கு அறிவிக்கும் என்பார்கள். போப்பாண்டவர் அனுப்பிய மத்தியஸ்தர் ஃபாபியோ கீஜி புராட்டஸ்டண்ட்காரர்களோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார். சம்பந்திகளில் ஒரு வீட்டாரோடு மட்டும் பேசும் கல்யாணத் தரகர்! மிச்ச நேரத்தில் மூன்ஸ்டரின் ஓயாத மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் இந்த வீம்பில் விஷயம் இருந்தது. டச்சுக்காரர்கள் 1568இலிருந்து ஸ்பெயினோடு மல்லுக்கட்டியவர்கள். சட்டப்படி இன்னும் கலகக்காரர்கள். வந்ததும் அவர்கள் பிடித்த பிடிவாதம், எங்களையும் 'எக்ஸலன்சி' என்று கூப்பிடு. அது அரசர்களின் தூதருக்கான மரியாதை. கூப்பிட்டுவிட்டால் அவர்களுக்குப் பின்னால் ஒரு நாடு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மரியாதை முதலில் கிடைத்தது. நாடு 1648இல் கிடைத்தது.

பேச்சு நடந்த ஐந்து சொச்சம் வருடமும் சண்டை நிற்கவில்லை. 1648 ஜூலையில் ஸ்வீடன் படை பிராக்கில் புகுந்து சூறையாடியது எதைத் தெரியுமா? அதே கோட்டையை. அக்டோபர் 24இல் ஒருவழியாகக் கையெழுத்தானது. போப் பத்தாம் இன்னொசென்ட் இது செல்லாது, அநியாயம், அர்த்தமற்றது, எக்காலத்துக்கும் பயனற்றது என்று அகராதியில் இருந்த வசவையெல்லாம் அடுக்கி ஒரு கண்டனம் எழுதினார். காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லை.

நவீன இறையாண்மை பிறந்தது இங்கேதான் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். உடன்படிக்கையைத் திறந்து பார்த்தால் சொத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம்போல இருக்கிறது. ஸ்வீடனுக்கு 50 லட்சம் தாலர். 1624 ஜனவரி 1 அன்று எந்தத் தேவாலயம் யார் கையில் இருந்ததோ, அது அவருக்கே. ஜெர்மானியச் சிற்றரசர்கள் யாரோடும் கூட்டுச் சேரலாம், பேரரசருக்கு எதிராக மட்டும் கூடாது. எல்லா நாடும் சமம், உள்விவகாரத்தில் தலையிடாதே என்று ஒரு வரி கிடையாது. அதையெல்லாம் பிற்காலத்துப் பண்டிதர்கள் அந்தப் பத்திரத்தின் பேரில் வரவு வைத்தார்கள்.

என் மனம் கவர்ந்த ஷரத்து ஓஸ்னாப்ரூக் ஊரைப் பற்றியது. அங்கே ஆயர்தான் அரசரும். ஆயர் கத்தோலிக்கரா, புராட்டஸ்டண்டா? தீரவில்லை. சரி, ஒரு தடவை இவர், அடுத்த தடவை அவர் என்று முறை வைத்தார்கள், வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல. புராட்டஸ்டண்ட் முறை வந்தால் பிரன்ஸ்விக் வம்சத்துப் பிள்ளை. அப்படி ஒரு முறை வந்தபோது அந்த வம்சத்தின் பெரிய தலை இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ். 1764இல் அவர் தன் இரண்டாவது மகன் ஃப்ரெடரிக்கை அமர்த்தினார். ஆயருக்கு அப்போது வயது ஆறு மாதம். ஓஸ்னாப்ரூக்கின் கடவுள் காரியம், அரசாட்சி, வரி மூன்றும் லண்டனில் ஒரு தொட்டிலில் பால் குடித்துக்கொண்டிருந்தன.