பனி மாதா வந்தார், கணப்பு வரவில்லை

ரோமாபுரியில் நாலாம் நூற்றாண்டுக் கோடையில், ஆகஸ்ட் 5-ஆம் தேதி, எஸ்குவிலின் குன்றின்மேல் பனி கொட்டியது. தமக்குக் கோயில் கட்ட மாதா அப்படி இடம் குறித்துக் கொடுத்தார் என்பது ஐதீகம். அந்தப் பனிக்குச் சொந்தக்காரரான மாதா குடியேறத் தேர்ந்தெடுத்த ஊர்களில் ஒன்று தூத்துக்குடி. சாந்தா ஹெலனா என்ற கப்பலில் 1555-இல் சொரூபம் வந்திறங்கியதாகக் கோயில் வரலாறு. வருஷா வருஷம் ஆகஸ்ட் 5 அன்று, சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும் வெக்கையில், ஊரே திரண்டு பனிமய மாதாவைக் கும்பிடுகிறது.

பனி வந்ததே, கூடவே கணப்பும் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. வரவேற்பறைச் சுவரைக் குடைந்து அடுப்பு வைத்து, புகைபோக்கி ஏற்றி, அடுப்புக்கு மேலே ஒரு பலகையோ கல்லோ பதித்து, அதில் கடிகாரம், மெழுகுவத்தித் தண்டு, செத்துப்போன தாத்தா, கடலில் பொறுக்கிய சிப்பி என்று அடுக்குவது குளிர்நாட்டான் வழக்கம். மேண்டில் என்பான். தூத்துக்குடியில் மே மாதம் சுவரே தோசைக்கல்லாகக் காயும்போது தனியாக அடுப்பு எதற்கு? ஆனால் ஒன்று. அந்தப் பலகையில் அடுக்கச் சாமான் அனுப்பியவர்கள் நாம். இந்தக் கரையில் இறங்கிய ஒவ்வொருவனும் கடலைப் பார்த்தது மீனுக்காக அல்ல, தன் வீட்டில் எதையாவது பார்வைக்கு வைக்கத்தான்.

பக்கத்துக் கொற்கை துறைமுகமாக இருந்த காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கப்பல்வழிக் குறிப்பு, இங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. மேற்கே ஒரு சீமாட்டி காதில் இரண்டு ஆட வேண்டுமென்றால், பாண்டியன் சிறையில் ஆள் பிடித்துக் கடலில் தள்ளினான். பிறகு வந்த மார்க்கோ போலோவின் கணக்கு இன்னும் ருசி: எடுத்ததில் ராஜாவுக்குப் பத்தில் ஒன்று, சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு இருபதில் ஒன்று. பின்னாளில் கடல்கட்டி என்று அழைக்கப்பட்ட உத்தியோகம் அது. சுறா வராவிட்டால் மந்திரம் பலித்தது. வந்து கடித்தால், கடிபட்டவன் திரும்பி வந்து புகார் கொடுக்கப் போவதில்லை. கரையில் உட்கார்ந்தபடியே ஐந்து சதவீதம். இதைவிட நல்ல வேலை இந்தக் கரையில் அதற்குப் பிறகும் உருவாகவில்லை.

போர்த்துக்கீசியர் முத்தையும் எடுத்தார்கள், பரதவர்களின் ஆன்மாவையும் எடுத்தார்கள். இரண்டாவதற்கு மட்டும் ரசீதாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவர்களை விரட்டிக்கொண்டு 1658-இல் வந்த டச்சுக்காரர்கள்தான் நம் கதைக்கு வேண்டியவர்கள். ஏனென்றால் அந்த நாட்டுக்குச் சிப்பிப் பைத்தியம் பிடித்திருந்தது. துறைமுகத்தில் கப்பல் வந்தால் மிளகு எங்கே என்று கேட்பவன் வியாபாரி. சிப்பி எங்கே என்று கேட்பவன் கனவான்.

ஓவியர் ரெம்பிராண்ட் அந்தக் கனவான்களில் ஒருவர். 1650-இல் தன்னிடம் இருந்த ஒரு சிப்பியைச் செப்புத்தகட்டில் கீறிப் படமாக்கினார். தகட்டில் கீறியது காகிதத்தில் அச்சாகும்போது இடவலம் மாறிவிடும் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. தன் கையெழுத்தை மட்டும் சமர்த்தாகத் திருப்பிக் கீறினார். சிப்பியை அப்படியே விட்டுவிட்டார். விளைவு, அச்சில் சிப்பியின் சுழி எதிர்ப்பக்கமாகப் போயிற்று. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து ஒரு மனிதர் இடம்புரியை வலம்புரி ஆக்கிவிட்டார்! இலட்சத்தில் ஒன்று என்று நாம் பூஜையறையில் பூட்டி வைப்பதை அவர் காகிதத்தில் எத்தனை பிரதி வேண்டுமானாலும் அடிக்கலாம். வலம்புரி வீட்டுக்கு வந்தால் லட்சுமியும் வருவாள் என்பார்கள். ரெம்பிராண்ட் 1656-இல் திவாலானார். கடனுக்காக எழுதிய ஜப்திப் பட்டியலில் சிப்பிகளும் இருந்தன.

அந்த டச்சுக்காரர்களின் கம்பெனி கிழக்கிலிருந்து பீங்கானும் ஏற்றிப் போயிற்று. ஒல்லாந்திலிருந்து போய் 1689-இல் இங்கிலாந்தின் ராணியான மேரி, அலமாரி உச்சியிலும் கணப்புக்கு மேலும் பீங்கானைக் கூரைவரை அடுக்கும் பழக்கத்தைப் பரப்பி, ஊரைச் செலவில் இழுத்துவிட்டாள் என்று டேனியல் டெஃபோ பின்னால் எழுதி அங்கலாய்த்தார். ராபின்சன் குரூஸோவை ஆளில்லாத தீவில் விட்டவர் அவர்தான். அங்கே கணப்பும் இல்லை, பீங்கான் கேட்கும் மனைவியும் இல்லை.

1825-இல் தூத்துக்குடி வெள்ளைக்காரன் கைக்கு நிலையாக வந்தது. சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்தால் சிப்பியைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவான் துரை. உள்ளே முத்து இருக்கிறதா என்பது வாங்கியவன் தலையெழுத்து. வாங்கியவன் சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, புழுவும் ஈயும் தின்று முடித்தபின் கழுவி அரித்துப் பார்ப்பான். அந்த நாற்றத்தை நுகர்ந்தவர் யாரும் முத்துமாலையைக் கழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோக மாட்டார். மாலை போட்டவர் யாரும் சலாபத்துக்கு வந்ததில்லை என்பதால் வியாபாரம் பிழைத்தது.

துரைக்கு ஒரு குறை: கணப்பு இல்லை. அதற்காகவே ஏழாயிரம் அடிக்கு மேல் ஏறினான். 1822-இல் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். குளிரைத் தேடிப் போய், கண்டுபிடித்து, உடனே அதை விரட்ட அடுப்பு மூட்டி, அடுப்புக்கு மேல் கீழ்நாட்டுக் கடற்கரை நினைவாகச் சங்கு வைப்பது எந்த ஊர் நியாயம்? இடையன்குடியிலும் தூத்துக்குடியிலுமாக அரை நூற்றாண்டு வெந்த பிஷப் கால்டுவெல்கூடக் கடைசியில் கொடைக்கானல் போனார். 1891-இல் அங்கே கண்மூடியவரைத் திரும்பவும் இடையன்குடி வெக்கைக்கே இறக்கி அடக்கம் செய்தார்கள்.

லண்டன் சீமாட்டி ஒரு பவளக்கொத்தைக் கண்ணாடிக் கவிப்புக்குள் வைத்துக் கணப்பின்மேல் நிறுத்தி, விருந்தாளி தொட்டால் முறைப்பாள். நம்மாள் அதே பவளப்பாறையை வண்டி வண்டியாக வெட்டிச் சுவராக எழுப்பினான். மிச்சத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி அதன்மேலேயே பூசினான். அவள் மேண்டிலை அலங்கரித்தாள். நாம் வீட்டையே அலங்காரத்தால் கட்டினோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு, பாறையை வெட்டி வெட்டியே கடலுக்குள் போய்விட்டன. எங்கே என்று தேடுபவர்கள் பழைய வீட்டுச் சுவர்களில் தேடலாம்.

2001-இல் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டது. ஷோகேஸில் பார்பிக்கும் தாஜ்மகாலுக்கும் நடுவே இனி பவளக்கொத்து வைத்தால் மூன்று முதல் ஏழு வருஷம் உள்ளே. சலாபமும் 1961-உடன் நின்றது. மிச்சம் இருப்பது வலம்புரி மோகம்.

அதற்கும் உலகம் வழி கண்டுபிடித்தது. அமெரிக்கக் கடலில் ஒரு சங்கு இனம்; பிறப்பிலேயே கிட்டத்தட்ட எல்லாம் வலம்புரி. அங்கே அது அள்ளக் குறையாத சரக்கு, டெக்சாஸ் மாநிலத்தின் அரசுச் சிப்பி. அதுதான் இங்கே பட்டுத்துணியில் சுற்றி, பாலபிஷேகம் செய்து, ஆயிரங்களுக்கு விலைபோகிறது. முத்துக் கரைக்கே சங்கு இறக்குமதி! கண்டுபிடிப்பது சுலபம்: நம் சங்கின் வாய்க்குள் விரலை விட்டால் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்பு தட்டுப்படும், டெக்சாஸ்காரருக்கு அங்கே வழவழ. வாங்குமுன் விரலை விட்டுப் பாருங்கள். வாங்கி, பூஜை முடித்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் காட்டிவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து பார்க்காதீர்கள்.