மனுதாரர்: சோறு

பெறுநர்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், புது தில்லி.
பொருள்: உணவு என்ற தகுதியில் தொடர்ந்து நீடிக்க அனுமதி கோருதல்.

மனுதாரராகிய சோறு, ஆணையத்தின் சமூகத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்:

ஒருவேளைச் சாப்பாட்டுக்கு முழு ஈடு என்று சொல்லிக்கொண்டு விற்கப்படும் சத்துத்தூள், அதாவது புரதம், மாவுச்சத்து, கொழுப்பு, விட்டமின், தாது உப்புகள் ஆகியவற்றை அளந்து கலந்து, தண்ணீரிலோ பாலிலோ கரைத்து ஒரே மூச்சில் குடித்து முடிக்கும்படி ஆக்கப்பட்ட பொடி, அலுவலக மேசைகளில் இடம் பிடித்துவருவதால், மனுதாரரின் சட்டநிலை குறித்து ஐயம் எழுந்துள்ளது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவு என்பதற்குத் தரும் வரையறையில் சூயிங்கமும் மதுவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சோற்றின் பெயர் அதில் இல்லை. மனிதர் உட்கொள்வதற்கான எந்தப் பொருளும் உணவே என்ற பொதுத்தொடரின் தயவில்தான் மனுதாரர் இதுகாறும் காலம் தள்ளிவருகிறார்.

மனுதாரர் தம் குறைகளை மறைக்க முற்படவில்லை. களைந்து, உலையிலிட்டு, வடித்து இறக்க அரைமணி நேரம் பிடிக்கிறது. நேற்றுப் பொலபொலவென்று உதிர்ந்தவர் இன்று குழைந்துபோகிறார். எந்தச் சத்து எத்தனை மில்லிகிராம் என்று நெற்றியில் ஒட்டிக்கொள்வதுமில்லை. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களுள் லைசின் என்பது அரிசியில் குறைவு என்பதால், அது மிகுந்த பருப்பை ஊரறியத் துணைக்கு அழைத்துக்கொண்டே இலைக்கு வருகிறார். ஆலையில் தீட்டத் தீட்டத் தவிட்டோடு தயமின் என்னும் பி1 விட்டமினும் போய்விடுகிறது என்ற பழைய குற்றச்சாட்டையும் அவர் ஒப்புக்கொள்கிறார்.

ஆனால் அந்த வழக்கின் கட்டைத் தூளின் தரப்பும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. டச்சு ஆட்சியிலிருந்த ஜாவாவில், 1890களில், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குப் பெரிபெரி என்ற நரம்பு நோயைப் போலவே கால் விழுந்துபோவதையும், தீட்டாத அரிசி கொடுத்தால் அவை மீண்டும் எழுந்து நடப்பதையும் எய்க்மன் என்ற மருத்துவர் கண்டார். தவிட்டில் ஒளிந்திருந்த அந்தப் பொருளைத் தேடிய காசிமிர் ஃபங்க், இத்தகைய பொருள்களுக்கு 1912இல் 'விட்டமைன்' என்று பெயர் சூட்டினார். ஆக, டப்பாவின் பக்கவாட்டில் ஏ முதல் கே வரை அணிவகுத்து நிற்கும் அத்தனை பேருக்கும் பெயர் வைத்த வீடு மனுதாரரின் தவிட்டுக் குதிர்தான். பேரன் இப்போது வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறான்.

பொடி என்பதன்மீது மனுதாரருக்குப் பகையில்லை. பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் நல்லெண்ணெயோடு அவருடன் பிசைந்துண்ணப்பட்டவையே. அவற்றில் எதுவும் அவரை இலையைவிட்டு எழுந்துபோகச் சொன்னதில்லை. புதிய தூளின் நடைமுறையோ வேறு. கை படாமல் தயாரிக்கப்பட்டது என்ற பெருமையுடன் வரும் டப்பாவின் மூடியைத் திருகி, அலுமினியத் தாளைக் கிழித்தால், அளவுக்கரண்டி அடியில் புதைந்து கிடப்பதால், முதல் வேலையாகக் கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது. கலக்கினால் கட்டி தட்டுகிறது. அந்தக் கட்டிகளை நாக்கால் நசுக்கும் நேரத்தில்தான் குடிப்பவருக்கு மெல்லுதல் என்ற பழைய வழக்கம் நினைவுக்கு வருகிறது. சரிவிகித உணவின் ஒரு பகுதியாக அருந்துக என்று எறும்பு எழுத்தில் அச்சிட்டிருப்பதும் உண்டு. அந்தச் சரிவிகித உணவு யார் என்று பெயர் குறிப்பிடப்படாத நிலையில், தம்மையே அது குறிக்கிறது என்று மனுதாரர் நம்புகிறார்.

கலிஃபோர்னியாவில், சமைப்பதும் சாப்பிடுவதும் வீண் என்று முடிவுகட்டிய ராப் ரைன்ஹார்ட் என்ற பொறியாளர், 2013இல் சாய்லென்ட் என்ற தூளை அறிமுகப்படுத்தினார். மனித உடல்களிலிருந்து செய்த பண்டத்தை மக்களுக்கு விநியோகிக்கும் 1973ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றை நினைவூட்டும் பெயர் அது என்பது வாங்கியவர்களை உறுத்தியதாகத் தெரியவில்லை. மெல்லும் தொல்லையை ஒழிக்கப் புறப்பட்ட அந்நிறுவனமே 2016இல் கடித்துத் தின்னும் கட்டிகளை விற்று, தின்றவர்கள் சிலருக்கு வயிறு கெட்டதும் அவற்றைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டில் கனடாவின் உணவு ஆய்வு முகமை, உணவு மாற்று என்ற பெயருக்கான விதிகளை அதன் பொருள்கள் நிறைவு செய்யவில்லை என்று கூறி அங்கு விற்பனையை நிறுத்தியது.

ஆணையமும் சும்மா இருந்துவிடவில்லை. ஆரோக்கிய பானம் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வரையறையே இல்லை என்று 2024 ஏப்ரலில் சுட்டிக்காட்டி, மால்ட், தானிய, பால் கலவைப் பானங்களை அத்தலைப்பின் கீழ் விற்கலாகாது என்று இணைய வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. பெயர்ப்பலகை இறங்கியது, டப்பா அதே அலமாரியில் இருக்கிறது.

ஆகவே, சூயிங்கத்துக்கும் மதுவுக்கும் நடுவே ஓரமாக ஓரிடம் தந்து உதவுமாறு மனுதாரர் வேண்டுகிறார். விசாரணைக்குத் தனியாக அழைப்பாணை அனுப்பி அரசுப் பணத்தை வீணாக்க வேண்டியதில்லை. மதியம் ஒரு மணிக்கு, ஆணையத்தின் அதிகாரிகள் டிபன் கேரியரைத் திறக்கும்போது, மனுதாரரோ அவருடைய வடநாட்டு உறவினரான சப்பாத்தியோ அடியடுக்கில் நேரில் ஆஜராகியிருப்பார்.