ஷட்டர் சாவி யார்கிட்ட நைனா?

இன்னா நைனாங்களா, முடிவாச்சா? நானும் டீ ஆறிப்போற வரைக்கும் கேட்டுகினு உக்காந்திருக்கறேன். இந்த பெஞ்சைவிட்டு எழுந்திருக்காமலே மூணு பேரை வேலைக்கு வெச்சீங்க, அஞ்சு பேரைத் துரத்திட்டீங்க. கணக்கு எங்கியோ இடிக்குது. பரவால்ல, பேசுங்க. முதலாளிங்க அபிஷேக் பச்சன், தோனி, வீட்டா டானி மூணு பேரும் பள்ளிப்பட்டுல இருந்து போன் வந்தாத்தான் நம்ம ஃபுட்பால் கிளப்பு சென்னையின் எஃப்சிக்கு கோச்சு போடுவோம்னு கையைக் கட்டிகினு உக்காந்திருக்காங்களாம்.

எனக்கு இன்னா தெரியும், கரும்பு போட்டுப் பொழைச்சவன். ஆனா நீங்க எங்க போறீங்க வரீங்கன்னு தெரியும். திருத்தணில எலக்ட்ரிக் டிரெயின் ஏறி சென்ட்ரல்ல இறங்கினா பெரியமேட்டு நேரு ஸ்டேடியம் நடக்கற தூரம். நீலச் சட்டையை மாட்டிகினு நீங்க கெளம்பறதைப் பாத்துட்டு எதிர்வீட்டுக் கெழவி, பசங்க ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்காங்கன்னு நெனச்சு உங்களைக் கும்பிடறா. நானும் சொல்லலை. கெடைக்கற மரியாதையை எதுக்குக் கெடுக்கணும்?

பெரியவன் ஒரு யோசனை சொல்லுன்னு கேட்டீங்க. சொல்றேன். மேனேஜர் வெக்கறதுன்னா வாயில நுழையாத பேரா பாத்து வெக்கணும்டா. திட்டறதுக்குத் தோதா பேர் இருந்தா ஆளு தாங்கமாட்டான். 2020ல இருந்து 2023க்குள்ள இதைத்தான செஞ்சாங்க? சாபா லாஸ்லோ, போஜிதார் பாண்டோவிச், தாமஸ் பிர்டாரிச். ஆளுக்கு ஒரு சீசன். பாண்டோவிச்சுக்கு அதுவும் முழுசா இல்ல, 2022 பிப்ரவரில கோவாகிட்ட 0-5 வாங்கின கையோட பெட்டியைக் கட்டச் சொல்லிட்டாங்க. நம்ம பசங்களுக்கு அவங்கவங்க பேரு சரியா வாயில வந்தப்போ அவங்கவங்க பிளேன் ஏறிட்டாங்க.

சரி, அதை விடுங்க. உங்கள்ல ஒருத்தன் அடிக்கடி சொல்றானே, "அஞ்சு மேட்சுல தெரிஞ்சுடும் தாத்தா, ஆளு தேறுவானா தேறமாட்டானான்னு." அந்தப் புத்திசாலிக்கு ஒரு கதை. 2015. கோச்சு மாட்டராஸி. 2006 உலகக் கோப்பை ஃபைனல்ல ஜிடான் நெஞ்சுல முட்டினானே, அந்த முட்டு வாங்கின மனுசன். அந்த வருஷம் சீசன் பாதி தாண்டினப்போ சென்னை எங்க இருந்துச்சு? பட்டியல்ல கடைசில. இந்த டீக்கடைக்கு அன்னைக்கு அதிகாரம் இருந்திருந்தா அவனை ரேணிகுண்டா வழியா இத்தாலிக்கே அனுப்பியிருப்பீங்க. அப்பால வரிசையா ஜெயிச்சான். டிசம்பர்ல மெட்ராஸ் தண்ணில முங்கினப்போ நம்ம சொந்த ஊர் செமிஃபைனலையே புனேல ஆடினாங்க. ஃபைனல்ல கோவாக்காரன் ஊர்ல, ஃபதோர்தாவுல, ஆட்டம் முடிய மூணு நிமிஷம் இருக்கறப்போ கோவா 2-1ன்னு முந்திகினு நின்னுச்சு. முடிஞ்சப்போ 3-2, கப்பு நம்மளுது. மறுவருஷம் அதே மாட்டராஸி, ஏழாவது இடம். 2017ல போயிட்டான். அஞ்சு மேட்சுல இன்னாடா தெரிஞ்சுது உனக்கு?

அடுத்து வந்த ஜான் கிரகரி கதை இதைவிடக் கூத்து. 2018 மார்ச்சுல பெங்களூருக்குப் போய் பெங்களூரையே 3-2ன்னு அடிச்சு கப்பைத் தூக்கிகினு வந்தாரு. உங்க அண்ணன் அன்னைக்கு ராத்திரி போட்ட சத்தத்துல எங்க மாடு கயித்தை அறுத்துகினு ஓடுச்சு, காலைலதான் புடிச்சேன். அடுத்த சீசன்? 18 ஆட்டம், 2 ஜெயிப்பு, 13 தோல்வி, கடைசி இடம். கப்பு வாங்கினப்போ ஆளுக்கு இருந்த மூளை ஆறு மாசத்துல எங்க போச்சுன்னு யாரும் கேக்கலை. "வெள்ளைக்காரனுக்கு வயசாயிடுச்சு"ன்னு மட்டும் சொன்னீங்க. வயசானவன் பக்கத்துல உக்காந்துகினே சொன்னீங்க, அதையும் நான் ஞாபகம் வெச்சிருக்கறேன்.

2019ல ஆறே ஆட்டத்துல கிரகரி கெளம்பினாரு, ஓவன் காயில் வந்தாரு. அதே பசங்க, அதே சட்டை. கீழ கெடந்த டீமை ஃபைனல் வரைக்கும் இழுத்துகினு போனாரு. 2020 மார்ச் 14, கொரோனாவுக்குப் பயந்து ஆளில்லாத மைதானத்துல ஆடி கொல்கத்தாகிட்ட 1-3ன்னு தோத்தாங்க. தோத்தும் காயிலை தெய்வம்னீங்க. மனுசன் ஜாம்ஷெட்பூர் போய் அங்க லீக் ஷீல்டை வாங்கினப்போ, "விட்டுட்டோமே"ன்னு இதே பெஞ்சுல ஒப்பாரி வெச்சீங்க. 2023ல திரும்பக் கூட்டிகினு வந்தாங்க. அந்த சீசன் ஆறாவது, அதுக்கடுத்தது 13 டீம்ல 11ஆவது. 2025 ஜூலைல அனுப்பிட்டாங்க. ஆளு ஒருத்தர்தான்டா. மொதல்ல தெய்வம், அப்பால தண்டம். நடுவுல அவரு மூக்கு காது மாறலை. இன்னா மாறிச்சுன்னு பாக்கறதுக்கு எவனுக்கும் நேரமில்ல, அடுத்த பேரு தேடணுமில்ல?

நீங்க மேனேஜரை மாத்துனா எல்லாம் மாறும்னு சொல்றப்போ எனக்கு சிரிப்பு வரும். நாங்க மாநிலத்தையே மாத்துனவங்கடா! 1960 மார்ச் 31 ராத்திரி படுத்தப்போ இந்த ஊரு ஆந்திராவுல சித்தூர் ஜில்லா. விடிஞ்சா ஏப்ரல் ஒண்ணு, மெட்ராஸ் ராஜ்ஜியம். ம.பொ.சி. போராடி, படாஸ்கர் உக்காந்து எல்லைக்கோடு போட்டு, திருப்பதி கேட்ட எடத்துல திருத்தணி கெடைச்சு நம்ம பள்ளிப்பட்டும் இந்தப் பக்கம் வந்துச்சு. நான் டிராயர் போட்ட பையன். ஊரே பேசிச்சு, இனிமே எல்லாம் வேற மாதிரின்னு. ஆபீஸ் போர்டு மாறிச்சு. தாசில்தார் மாறினாரு. எங்க பாட்டி மட்டும் சாகற வரைக்கும் தெலுங்குலயே திட்டினா, அதுல ஒரு கொறையும் இல்ல.

ஆறு மாறலை. கொசஸ்தலைக்குத் தண்ணி கிருஷ்ணாபுரம் அணைல இருந்து வரணும். அந்த அணை அந்தப் பக்கம். மழைக்காலத்துல அவன் ஷட்டரைத் தூக்கினா நெடியம் தரைப்பாலம் முங்குது, தூக்கலைன்னா இங்க மணல் காயுது. வெள்ளம் வந்தா நாம யாரைப் புடிச்சுத் திட்டறோம்? நம்ம ஊர் வி.ஏ.ஓ.வை. பாவம், அவருகிட்ட ஒரு குடையும் ஒரு ரிஜிஸ்டரும்தான் இருக்குது. வேற வி.ஏ.ஓ. வரணும்னு மனு குடுத்தவங்களும் இந்த ஊர்ல உண்டு. வேற ஆளு வந்தாரு. அவரும் குடை புடிச்சுகினு பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் நின்னாரு.

அதனாலதான் கேக்கறேன். உங்க கோச்சுகிட்ட விசில் இருக்குது, ஷட்டர் சாவி யார்கிட்ட இருக்குது? கோல் அடிக்கறவனை வாங்கறதுக்கும் வெச்சுக்கறதுக்கும் காசு யாரு குடுக்கறா? போன வருஷம் பாத்தீங்களே. 2025 ஜூலைல லீக்கையே நிறுத்தி வெச்சாங்க. இந்தியா ஃபுட்பால் கூட்டமைப்புக்கும் லீக் நடத்தற கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் டிசம்பரோட முடியறதா இருந்துச்சு, புதுசா கையெழுத்து ஆகலை. ஆகஸ்ட்ல நம்ம சென்னை கிளப்பே சம்பளத்தை நிறுத்தி வெச்சுது. ஆட்டம் இல்ல, சம்பளம் இல்ல, தேதி இல்ல. அப்பவும் இந்த பெஞ்சுல "அடுத்த கோச்சு யாரு"ன்னு ரெண்டு பேரு சட்டையைப் புடிச்சுகினாங்க. தண்ணியே இல்லாத ஆத்துக்கு ஓடக்காரனைத் தேடின மகராசனுங்க நீங்க! 2026 பிப்ரவரி 14ல இருந்து ஆட்டம்னு ஜனவரில டெல்லில மந்திரி சொன்ன அப்பாலதான் எனக்கே உசுரு வந்துச்சு. உங்களுக்கு இல்லடா, எனக்கு. ஆட்டம் இல்லாட்டி நீங்க சாயங்காலம் முழுக்க வூட்டுலயே இருப்பீங்கல்ல.

நம்ம ஆளு வேணும்கறவனே, உன்னை நான் மதிக்கறேன். சாபிர் பாஷா இதே மெட்ராஸ் மைதானத்துல ஆடி இந்தியாவுக்கு ஆடினவரு. பல வருஷம் துணைக் கோச்சா பக்கத்துல நின்னாரு. பாண்டோவிச் போனப்போ மிச்ச ஆட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டாங்க. மிச்சத்துக்கு மட்டும். சீசன் முடிஞ்சதும் ஜெர்மனில இருந்து ஒருத்தரு வந்தாரு. வூடு எரியறப்போ பக்கத்து வூட்டுக்காரன் வேணும், வூடு கட்டறப்போ வெளியூர் கொத்தனார் வேணும். அப்பால 2025 அக்டோபர்லதான் கோவாக்காரர் கிளிஃபோர்ட் மிராண்டாவை முழுசா உக்கார வெச்சாங்க. ஒடிசாவுக்கு 2023ல சூப்பர் கப் வாங்கிக் குடுத்தவரு, அதுவும் தற்காலிகக் கோச்சா இருந்துகினே. அவரைப் பத்தியும் இப்பவே ரெண்டு கட்சியாயிட்டீங்களா? நடத்துங்க.

முறுக்கு மீசை இன்னா சொல்றான்? ரசிகனுங்களே ஓட்டுப் போட்டு எடுக்கணுமா? இதையும் ஒருத்தன் செஞ்சு பாத்துட்டான்டா. பேரன் போன்ல படிச்சுக் காட்டினான். இங்கிலாந்துல எப்ஸ்ஃப்ளீட்னு ஒரு சின்ன கிளப்பு. 2008ல சுமார் 30,000 பேரு ஆளுக்கு 35 பவுண்டு போட்டு வாங்கிட்டானுங்க. எல்லாரும் முதலாளி, எல்லாரும் சேந்து டீம் எடுக்கலாம்னு பேச்சு. கடைசில டீம் எடுக்கற வேலை பழைய மேனேஜர் லியாம் டெய்ஷ்கிட்டயே இருந்துச்சு. அந்த வருஷமே வெம்ப்ளில ஒரு கப்பும் ஜெயிச்சாங்க. மறு வருஷம் சந்தா கட்டச் சொன்னா பாதிக்கு மேல ஆளைக் காணோம். 2013ல கையைக் கழுவிட்டானுங்க. ஓசில திட்டறப்போ இருக்கற ருசி, காசு கட்டித் திட்டறப்போ இருக்காது போல.

இன்னும் ஒரு வழி இருக்குது, ஜோசியம். சிரிக்காதீங்க. இந்தியா டீமுக்கே நடந்துச்சு. 2022ல ஆப்கானிஸ்தானோட ஆடறதுக்கு முந்தி, கோச்சு இகோர் ஸ்டிமாச் ஆட்டக்காரங்க விவரத்தை ஜோசியருக்கு அனுப்பி யாருக்கு நேரம் நல்லா இருக்குதுன்னு கேட்டாருன்னு மறு வருஷம் பேப்பர்ல வந்துச்சு. ஆட்டம் இன்னா ஆச்சு? 2-1, இந்தியா ஜெயிச்சுது! அப்படின்னா ஜோசியர் சம்பளம்தான் கோச்சு சம்பளத்தைவிட கம்மி, அவரையே நேரா வெச்சிருக்கலாமே? நம்ம பக்கம் கிளி ஜோசியர் இருக்காரு. கிளி ஒரு நெல்லுக்கு டீமையே எடுத்துக் குடுத்துடும்.

ஸ்டிமாச்சை 2024ல அனுப்பினாங்க, மனோலோ மார்க்கெஸ் ஒரு வருஷம் இருந்துட்டுக் கெளம்பினாரு. 2025 ஜூலைல வேலைக்கு ஆள் வேணும்னு விளம்பரம், 170 பேரு மனுப் போட்டாங்க. அதுல பார்சிலோனா ஸாவி பேரு! காசு கட்டாதுன்னு வேணாம்னுட்டாங்கன்னு ஒரு நாள் பேப்பர்ல சேதி. மறுநாள் பாத்தா, ஸாவி மெயிலும் போலி, குவார்டியோலா பேர்ல வந்ததும் போலின்னு கூட்டமைப்பே சொல்லிச்சு. வேலூர்ல இன்ஜினியரிங் படிக்கற பையன் ஒருத்தன், ஸாவி மெயில் நான் அனுப்பினதுதான்னு பேட்டி குடுத்தான். வேலூரு! சோளிங்கர் வழியா பஸ் ஏறினா நம்ம பக்கத்து ஊரு. கடைசில வேலை காலித் ஜமிலுக்குப் போச்சு. மிசோரம்ல இருந்து வந்த ஐஸ்வாலை வெச்சு ஐ-லீக் வாங்கின ஆளு. செப்டம்பர்ல ஓமனை அடிச்சாரு, கும்பிட்டீங்க. அக்டோபர்ல சிங்கப்பூர்கிட்ட தோத்தாரு, உடனே இந்த பெஞ்சு புதுப் பட்டியல் எழுத ஆரம்பிச்சுடுச்சு.

அந்த வேலூர்ப் பையன் செஞ்ச காரியம் எனக்கு ரொம்பப் புடிச்சுது. டேய், அந்த போனை எடு. என் பேர்ல ஒரு மெயில் அடி, சென்னை கிளப்புக்கு. வயசு வேணாம், "அனுபவசாலி"ன்னு மட்டும் போடு. முன்னாடி இன்னா வேலைன்னு கேட்டா, ஒரே ராத்திரில ஒரு ராஜ்ஜியத்துல இருந்து இன்னொரு ராஜ்ஜியத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆனவரு, டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் ஒரு பைசா வாங்கலைன்னு எழுது. ஃபார்மேஷன் இன்னான்னு கேட்டா, கோல் போஸ்டுகிட்ட பத்து பேரு, டீ வாங்க ஒருத்தன்னு போடு. சம்பளம் அவங்க இஷ்டம், எப்படியும் நிறுத்தி வெக்கப் போறாங்க. ஒரே ஒரு கண்டிஷன், அதைப் பெரிய எழுத்துல அடி. இந்த ராத்திரி ஏழரை மணி ஆட்டம் எல்லாம் நமக்கு ஆகாது, மத்தியானம் மூணு மணிக்கே ஆரம்பிச்சுடணும். ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, திருத்தணில கடைசி பஸ்ஸை விட்டுட்டா என்னை எவன்டா பள்ளிப்பட்டுல கொண்டாந்து விடுவான், அபிஷேக் பச்சனா?