ஆற்றும் வெளி: போத்தனூர்ச் சமையல் மேடையில் ஒரு காப்பி பார் குறித்த ஆய்வு

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் தீபாவளிக்கு வந்திருந்தபோது சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “அப்பா, இங்க ஒரு காப்பி பார் வெச்சிரலாம்” என்றாள். இந்த ஆய்வு அந்த ஒரு வாக்கியத்திலிருந்து கிளைத்தது. ஆய்வுக் களம், எங்கள் மேடையில் அடுப்புக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட நாலடி கிரானைட். ஆய்வுக் காலம், தீபாவளி முதல் பொங்கல் வரை. தகவலாளிகள் அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, மோட்டார் மெக்கானிக், ஆசாரி. என் மனைவி தகவல் தர மறுத்துவிட்டார். “எனக்கு இடம் போகாம இருந்தாச் சரி” என்று அவர் சொன்னதைத் தரவாகக் கொள்வதா, எச்சரிக்கையாகக் கொள்வதா என்பதில் ஆய்வாளருக்கு இன்னும் தெளிவில்லை.

முன்னோர் ஆய்வுகளைப் பார்த்தேன். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று தலைப்பிட்டே ஒரு நூல் எழுதியிருக்கிறார். இந்தக் காலத்தில் காப்பி இருக்கிறது, வைக்க இடம்தான் இல்லை. அவர் விட்ட இடத்தில் நான் தொடங்குகிறேன்.

முதலில் சொல்லாராய்ச்சி. பார் என்றால் உலகம். பார் என்றால் கண்ணால் காண். பார் என்றால் அழுத்தத்தை அளக்கும் அலகு. இந்த மூன்று பொருளும் எங்கள் தெருவில் செல்லுபடியாகாது. இங்கே பார் என்பது டாஸ்மாக் கடையை ஒட்டிய தகரக் கொட்டகை மட்டுமே. மகள் சொன்னது மதில் தாண்டிய மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். உட்காரவில்லை. “ஏனுங்க, வீட்லயே பார் வெக்கறீங்களாமா?” என்று கேட்டார். காப்பிதான் என்று விளக்கினேன். “காப்பிக்கு எதுக்குங்க பாரு? அம்மா தர்றாங்கல்ல?” என்றார். முதல் வாரத்திலேயே ஆய்வின் முடிவைச் சொல்லிவிட்டுப் போனது அவர்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

இனி அழுத்தம். மகள் வாங்கி அனுப்பிய எஸ்பிரெசோ இயந்திரம் ஒன்பது பார் அழுத்தத்தில் வெந்நீரைக் காப்பித் தூளின் ஊடே தள்ளும். இருபத்தைந்து முப்பது வினாடியில் வேலை முடியும். 1901-ல் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸேரா நீராவியை வைத்துத் தொடங்கிய சங்கதி இது. நாற்பதுகளின் இறுதியில் அக்கில்லே காஜ்ஜியா நெம்புகோல் போட்டு அழுத்தத்தைக் கூட்டிய பிறகுதான் மேலே அந்தப் பொன்னிற நுரை கட்டியது. ஒன்பது பார் எவ்வளவு என்று சென்னையில் கேட்டால் விழிப்பார்கள். பம்பு செய்தே பேர் வாங்கிய கோவை வட்டாரத்தில் அப்படி விழிக்க முடியாது. ஒரு பார் என்பது ஏறத்தாழ 33½ அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கும் அழுத்தம். ஒன்பதுக்கு 300 அடி.

தொட்டி மோட்டாரைப் பார்க்க வந்த மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “முந்நூறடி ஹெட்டுங்ளா! தண்ணி எவ்வளவுங்க வரும்?” நிமிடத்துக்கு அரை டம்ளர்கூடத் தேறாது என்றேன். கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டார். “சொட்டு நீர் போட்டாக்கூட ஒரு தென்னைக்குப் பத்தாதுங்களே” என்றார்.

அம்மாவின் பித்தளை ஃபில்டரில் அழுத்தம் பூஜ்யம். மேல் கிண்ணத்தில் தூள், அதன் மேல் குடை போன்ற தட்டு, கொதிநீர், மூடி. மீதியைப் பூமி தன் ஈர்ப்பால் பார்த்துக்கொள்கிறது. இரவு போட்டுவைத்தால் விடிகாலை டிகாஷன் தயார். சட்டம் காப்பித் தூளில் சிக்கரியை 49 சதவீதம் வரை அனுமதிக்கிறது. அம்மா இருபதுக்கு மேல் அனுமதிப்பதில்லை.

கிரைண்டர் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன், நினைத்தாலே வருத்தம். காப்பிக்கொட்டை அரைக்க ஒரு கிரைண்டர் வேண்டும் என்று கடையில் கேட்டேன். “எத்தன லிட்டருங்க?” என்றார்கள். புவிசார் குறியீடே வாங்கிய கோயம்புத்தூர் வெட் கிரைண்டரின் தலைநகரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. வீட்டிலும் அதே கதைதான். மேடையின் நல்ல மூலையில் இரண்டு லிட்டர் கிரைண்டர் உட்கார்ந்திருக்கிறது. அதை அரை அடி நகர்த்தலாமா என்று கேட்ட அன்று எனக்கு இட்லி கிடைக்கவில்லை. பிளக் பாயிண்டிலும் சிக்கல். சாதாரண ஆறு ஆம்பியர் பிளக் 1,380 வாட்டோடு நின்றுவிடும். இயந்திரம் கேட்பது அதற்கு மேல். பவர் பிளக் ஒன்றுதான், அதுவும் கிரைண்டருக்குப் பின்னால். வாஸ்துவும் குறுக்கே வந்தது. நெருப்புக்குத் தென்கிழக்கு, தண்ணீருக்கு வடகிழக்கு. இயந்திரத்தின் வயிற்றுக்குள் இரண்டும் இருக்கின்றன. ஆசாரி அதற்குக் கிழக்குச் சுவரின் நட்ட நடுவில் இடம் குறித்துச் சமாதானம் செய்தார்.

இப்போது ஆய்வின் மையப் பகுதி. போத்தனூர்க்காரனுக்கு அளவு என்றால் தண்டவாள அளவு. 1862-ல் சென்னையையும் மேற்குக் கரைப் பேப்பூரையும் இணைத்த பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. கோயம்புத்தூர் நகரம் ரயிலைக் கண்டது 1873-ல். (இதைச் சொல்லாமல் எங்கள் ஊரார் எந்தப் பேச்சையும் முடிப்பதில்லை.) 1915-ல் பொள்ளாச்சிக்கு மீட்டர் கேஜ் போட்ட பிறகு அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சந்திக்கும் இடமானோம். ஆகவே டேப்பைக் கையில் எடுத்ததும் கணக்குத் தானாக வந்தது. மேடையின் அகலம் 24 அங்குலம். டார்ஜிலிங் மலை ரயிலின் குறும்பாதையும் சரியாக அவ்வளவுதான். மகள் அனுப்பிய படத்தில் உள்ளபடி, மேடைக்கு மேல் 18 அங்குலம் விட்டு, கோப்பைகள் அடுக்க ஒரு செல்ஃப் அடித்தார் ஆசாரி. தேக்கு, நல்ல வேலைப்பாடு.

மறுநாள் காலை அம்மாவின் முழங்கை அதில் இடித்தது. பாதி காப்பி கிரானைட்டில்.

படங்களில் உள்ள காப்பி பார்கள் எல்லாம் வெளிநாட்டுக் காப்பிக்கு வரைந்தவை. அங்கே கோப்பை மேடையை விட்டு எழும்பாது. அதற்கு மேலே ஒன்றரை அடி இருந்தால் தாராளம். நம் காப்பி காற்றில் தயாராகிற பண்டம். டவராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டவராவுக்கும் விழும்போதுதான் சர்க்கரை கரைகிறது, சூடு நாக்குக்கு இறங்குகிறது, பால் காற்றைப் பிடித்துக்கொண்டு நுரைக்கிறது. அந்த வீழ்ச்சிக்கு ஓர் இடம் வேண்டும். அதற்கு ‘ஆற்றும் வெளி’ என்று பெயரிடுகிறேன். எந்த வரைபடத்திலும் அது கிடையாது, ஏனென்றால் காலியிடத்தை யாரும் கோடு போட்டுக் காட்டுவதில்லை.

அம்மா ஆற்றும்போது டேப் பிடித்தேன். மூன்று காலைகள். (“என்ன சாமி, ரவிக்கை தைக்கவா அளக்கறே?” என்ற குறுக்கீட்டை ஆய்வு பொருட்படுத்தவில்லை.) சராசரி வீழ்ச்சி 26 அங்குலம். மீட்டர் காப்பி என்று கடைகளில் பெருமை பேசுவதற்குப் பதின்மூன்று அங்குலம் குறைவு. ஆனாலும் குறும்பாதையைத் தாண்டியது. மேல் கை உச்சத்தில் தரையிலிருந்து 62 அங்குலம். 34 அங்குல மேடைக்கு மேல் 18 விட்டு அடித்த செல்ஃப் நின்ற உயரம் 52. பத்து அங்குல மோதல். ரயில்வேயில் இதற்கு விசாரணைக் கமிஷன் போட்டிருப்பார்கள்.

“கழட்டி மேல ஏத்தீரலாமுங்க” என்றார் ஆசாரி. எவ்வளவு உயரம் என்று கேட்டார். கைக்கு மேல் நாலங்குலம் விட்டுக் கூட்டினேன். 66 வந்தது. ஐந்தடி ஆறங்குலம். அகலப் பாதையின் அளவு அதுவே, ஒரு நூல்கூடக் கூடுதல் குறைச்சல் இல்லை. பொள்ளாச்சிப் பாதையை அகலமாக்கித் திறக்க 2017 ஆனது. எங்கள் வீட்டு கேஜ் மாற்றம் ஒரே மாலையில் முடிந்தது.

அந்த உயரத்துக்கு அம்மாவின் கை எட்டாது என்பதைத் துளை போட்ட பிறகுதான் கவனித்தோம். எனவே அவருக்கு வேண்டியவை எல்லாம் கீழேயே தங்கின. ஃபில்டர், தூள் டப்பா, சர்க்கரை, நாலு டவரா செட். மேலே என்ன வைப்பது என்று ஆசாரி கேட்டார். அட்டைப் பெட்டியிலிருந்து இயந்திரத்தை எடுத்துக் காட்டினேன். பளபளவென்று, பக்கவாட்டில் நீராவிக் குழாயோடு இருந்தது. அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“எஞ்சினாட்டம் அழகாத்தான் இருக்குது. மேலயே இருக்கட்டும்” என்றார்.

ஆசாரி அதை ஏற்றி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மேடையில் சாய்ந்து நின்றார். அம்மா அவருக்கு ஒரு டம்ளர் ஆற்றினார், முழு 26 அங்குலம், எதிலும் இடிக்காமல்.

“சர்க்கர போதுமுங்களா ஆசாரி?”

“போதுமுங்க. டிகாஷன் இன்னுங் கொஞ்சம்.”