ஸ்பிரிங் ரைபிளுக்கு முட்டுக் கொடுத்தல்: வத்தளைப் பின்வளவை முன்வைத்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

இத்துறையை இதுவரை எவரும் ஆராயவில்லை. எல்லா ஆய்வுகளும் இப்படித்தான் தொடங்குகின்றன. மரபை மீற நமக்கு என்ன தகுதி?

ஆய்வுக்களம் வத்தளை. இங்கே 6 பேர்ச்சஸ் காணி ஏறக்குறைய 152 சதுர மீற்றர். வீடும் வாகனமும் நாயும் போக எஞ்சும் பின்வளவில் ஒலிம்பிக் தூரமான 10 மீற்றரை அளக்கப் போனால் அளவுநாடா மதிலில் முட்டும். எனவே ஆய்வாளர் ஒரு மதிலோடு முதுகை ஒட்டி இருந்துகொண்டு, எதிர்மதிலோரம் மணல் நிரப்பிய பெட்டியில் ஒட்டிய கடதாசியைச் சுடுகிறார். காகங்களுக்கு இவ்வாய்வில் பங்கில்லை.

2. உதையியல்

ஸ்பிரிங் ரைபிள் ஓர் எயார் ரைபிள்: விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே தள்ளும். துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் தான் நெருக்கிய காற்றிலேயே போய் மோதும்; துப்பாக்கி இப்போது முன்னே பாயும். இந்தக் குலுக்கல் தொடங்கும்போது 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. பெரிய துப்பாக்கியின் உதையைத் தாங்கும் ஸ்கோப்புகள் கூட இந்த இருபக்க உதையில் உடைந்துபோவதுண்டு. ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் 1960களில் துப்பாக்கியின் பொறியையே கட்டையின்மேல் சறுக்க விட்டு இதைச் சமாளித்தது. வத்தளையில் நாம் சாரத்தை வைத்துச் சமாளிக்கிறோம்.

3. வகைப்பாடு

முட்டு ஐவகைப்படும்.

அ. மதில்: ஆகாது. கல்லில் வைத்த கட்டை துள்ளும். குண்டு மேலே போகும் (பக்கத்து வீட்டு அங்கிள், மதிலுக்கு மேலாக).

ஆ. கதிரை: ஆடும்.

இ. மச்சானின் தோள்: மச்சான் சம்மதிக்கவில்லை.

ஈ. மணல் பை: மதிலுக்கு மேல், சாரத்துக்குக் கீழ்.

உ. மடித்த சாரம்: தனி இயலாக விரியும்.

4. சாரவியல்

சாரத்தை நான்காக மடிப்போர் நான்மடியார். எட்டாக மடிப்போர் எண்மடியார். இரு சாராரும் ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போவதில்லை. நான்மடியாருள்ளும் மூட்டிய சாரமே முட்டுக்கு உரியது என்பார் ஒரு பிரிவினர். அவருள்ளும் மூட்டுத் தையல் மேலே வரவேண்டும் என்பாரும் கீழே வரவேண்டும் என்பாரும் உளர் (மேற்படி அங்கிள், இரண்டாம் பதிப்பு, மனைவி அருகில் நின்றமையால் சுருக்கப்பட்டது).

கஞ்சி போட்ட புதுச் சாரமா, நைந்த பழஞ்சாரமா என்பது அடுத்த வழக்கு. புதியதில் கட்டை வழுக்கும், பழையதில் பதியும். வழுக்குவதே குணம் என்பது எண்மடியார் துணிபு (அதே அங்கிள், மூன்றாம் பதிப்பு, மின்வெட்டு நேரத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் அருளியது, இடையில் ஓர் இருமல், அவ்விருமலுக்கு மீன்காரர் ஒருவர் வாய்மொழியாக உரை செய்தார், அவ்வுரை கிடைக்கவில்லை, கிடைக்காமையே அதன் சிறப்பு என்பார் உளர், உடுத்திருந்த சாரம் எத்தனை மடிப்பு என்பது ஆய்வுக்கு உரியது).

எம்மடிப்பாயினும், கட்டையின் எந்த இடம் சாரத்தில் படுகிறதோ அதே இடம் ஒவ்வொரு முறையும் படவேண்டும். இடம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். இதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே இதைப் பற்றி ஆய்வும் இல்லை.

5. தொன்மை

ரஸ்டாட் நகரத்தில் தோன்றிய டயானா எயார் ரைபிள் நிறுவனத்தின் சின்னத்தில் வேட்டைத் தெய்வம் வில்லை எறிந்துவிட்டு எயார் ரைபிளைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறாள். வில்லேந்திய பெண் தெய்வமாதலின் அவள் கொற்றவையே என நிறுவ இரண்டு கட்டுரைகளும் ஒரு பொன்னாடையும் போதும். காலமும் தேசமும் பொருந்தாமை சிறு தடை. அடுத்த மாநாட்டுக்குள் நீங்கிவிடும். மாநாட்டில் கட்டுரை படிக்கப் பதினைந்து நிமிடம். பொன்னாடை போர்த்தக் கால எல்லை இல்லை.

6. முடிபு

உள்ளங்கையே சிறந்த முட்டு. வகைப்பாட்டில் அதற்கு இடமில்லை; அதைப் பற்றி எவரும் பட்டம் வாங்கவில்லை. சாரத்தின்மேல் புறங்கையை வைத்து, விரித்த உள்ளங்கையில் கட்டையைக் கிடத்த வேண்டும். விரல்கள் பற்றக்கூடாது, தோளில் அழுத்தக்கூடாது. உதைக்கிற துப்பாக்கியை உதைக்க விட்டால் அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைக்கும். குண்டுகளும் ஒரே இடத்துக்குப் போகும். பழைய பீரங்கிகள் சக்கரத்தில் தாமாகப் பின்னே உருண்டதை எண்ணி ஆங்கிலத்தில் இதைப் பீரங்கிப் பிடி என்பர்.

இறுகப் பிடித்தவன் குறி தவறுவான். மேற்கோளை இறுகப் பிடித்து எழுதுவோர் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்குக் குறி என்று ஒன்று இருப்பதில்லை.

வாசகர்களுக்கு: சாரத்தை எப்படியும் மடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். விசையில் விரல் வைக்குமுன் எதிர்மதிலுக்கு அப்பால் எவரும் இல்லை என்று எட்டிப் பாருங்கள். அங்கிள் அங்கேதான் நிற்பார்.