புது மடிக்கணினியின் மந்தம்: ஓர் அளவையியல் ஆய்வு

பெட்டி பிரித்த வாரத்திலேயே மடிக்கணினி தயங்கித் தயங்கி இயங்குவது மந்தம் எனப்படும். ஏழாண்டு உழைத்த கணினி தயங்கினால் அது மூப்பு, இவ்வாய்வுக்குப் புறம்பானது. அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குவது சைவ சித்தாந்த மரபு. மந்தம் கண்ட இல்லங்களில் இம்மூன்றும் தலைகீழ் வரிசையில் கையாளப்படுகின்றன.

உரை: பிறர் சொல் கேட்டல். சித்தப்பா "ஃபார்மேட் அடிச்சிரு" என்பார். கடைக்காரர் "ரேம் ஏத்திருங்க சார்" என்பார். பாட்டி சுற்றிப் போடச் சொல்வார். மூன்றினுள் செலவும் தரவிழப்பும் இல்லாதது பாட்டியின் முறையே.

கருதல்: விளைவைக் கொண்டு காரணத்தை ஊகித்தல். ஃபேன் இரைந்து அடிப்பாகம் சுட்டால் வெப்பமே காரணம். பல இன்டெல் ப்ராசசர்களுக்கு வெப்ப எல்லை 100 டிகிரி செல்சியஸ்; அதை நெருங்கியதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். மெத்தைமேல் வைத்த கணினிக்குக் காற்றுத் துளைகள் அடைபடுவதால் இந்நிலை விரைவில் வாய்க்கும். வாங்கிய புதிதில் விண்டோஸ் அப்டேட், கோப்புகளை அட்டவணைப்படுத்தல், வைரஸ் சோதனை எல்லாம் பின்னணியில் ஓடும்; இவ்வகை மந்தம் பெரும்பாலும் தானே தணியும்.

காண்டல்: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவின் பயன்பாடும் வேகமும் தெரியும். பயன்பாடு 100 சதவீதத்தை ஒட்டி, வேகமும் உயர்ந்திருந்தால் ப்ராசசர் குற்றமற்றது. ஏதோ ஒரு மென்பொருள் அதை வாட்டுகிறது. கோர் ஐ5-1235யூ 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டவல்லது. அது எந்த வேலை கொடுத்தாலும் சூடேறாமல் 0.4-லேயே நின்றால் ஐயம் சார்ஜர்மேல் விழும். வாட் குறைந்த சார்ஜரையோ, கணினியால் அடையாளம் காண இயலாத சார்ஜரையோ மாட்டினால் சில மாடல்கள் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். உடன் வந்த சார்ஜரை மாட்டி அதே எண்ணை மீண்டும் பார்ப்பதே சோதனை.

அதிலும் தேறாவிட்டால் செட்டிங்ஸில் பவர் மோடை உயர்செயல்திறனுக்கு மாற்றலாம். தயாரிப்பாளர் தளத்திலிருந்து பயாஸைப் புதுப்பிக்கலாம். அதன் பிறகும் எண் நகராவிட்டால் சென்சாரிலோ மதர்போர்டிலோ பழுது இருக்கலாம். திருப்புளியைத் தொடாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டம் அது. உத்தரவாதம் பெரும்பாலும் ஓராண்டே என்பதால், காண்டலை முதலிலும் உரையைக் கடைசியிலும் வைத்துக்கொள்வதே முறை.